வாசலை மறித்த ஜீப்னி

கிரிஸ்பின் ஆள் ஏற்றி ஓட்டும் தன் நீள ஜீப்பை, அந்த ஜீப்னியை, எங்கள் வாசலில் நிறுத்துவது, எங்களுக்கு வாசல் என்று ஒன்று வருவதற்கு முன்பே தொடங்கிய பழக்கம். அப்போது அந்த இடத்தில் என் அப்பாவின் தென்னைகள்தான் நின்றன. நான் ஹாங்காங்கில் பாதி வயதை அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் தொலைத்துவிட்டு, யூர்கனைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பி, தென்னைகளை வெட்டி, வீடு கட்டி, இரும்பு கேட் போட்டேன். ஜீப்னி நின்ற இடத்தில்தான் நிற்கிறது, உங்கள் கேட்தான் வந்து அதன் முன்னால் நிற்கிறது என்று கிரிஸ்பின் சொல்வான். அவன் சொல்வதில் பொய் இல்லை, அதுதான் எரிச்சல்.

கிரிஸ்பின் என் சித்தப்பா மகன். எதிர் வீடு. சந்தைக்கும் துறைமுகத்துக்கும் நடுவே ஆள் ஏற்றி ஓட்டுகிறவன். வாய் நீளம், அடிக்கும் கை அதைவிட நீளம். ஆனால் என்னை அக்கா என்று கூப்பிடாமல் ஒரு நாளும் தாண்டிப் போனதில்லை. யூர்கன் ஜெர்மனிக்காரர், கப்பல் கட்டும் இடத்தில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். இதை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் சந்தில் இப்போது வேறு யாரும் சொல்வதில்லை. புயலில் சர்ச்சின் கூரை பறந்தபோது இவர்தான் மேலே ஏறி, வெயிலில் தோல் உரிய உரிய, இரும்பைப் பற்றவைத்துக் கொடுத்தார். அவர் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. எல்லா வெள்ளைக்காரர்களையும் போல அவரும் ஜோ ஆனார்.

யூர்கனுக்குப் போவதற்கென்று ஓர் இடமும் கிடையாது. வாரத்தில் ஒரு நாள் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு போய் ரொட்டி வாங்கி வருவார், அவ்வளவுதான். ஆனால் போக நினைத்த நேரத்தில் போக முடிய வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க மாட்டார். ஜீப்னியின் பின்பாதி எங்கள் கேட்டை மறித்து நிற்பதைப் பார்த்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. முதலில் என்னைத்தான் தூது அனுப்பினார். அது சரியான வழி. கிரிஸ்பின் தலையைச் சொறிந்துகொண்டு, சரிக்கா என்று வண்டியைத் தள்ளி நிறுத்தினான். அந்த வாரம் முழுக்க தள்ளியே நின்றது. பிறகு ஒரு முழம் திரும்பி வந்தது, பிறகு இன்னொரு முழம்.

அதற்கு மேல் யூர்கன் என்னை அனுப்பவில்லை. கேட்டுக்கு முன்னால் மஞ்சள் கோடு போட்டார். பிள்ளைகள் அதன் மேல் நொண்டி ஆடினார்கள். சிமெண்டுத் தூண் நட்டார். கிரிஸ்பின் தூணில் சங்கிலியைக் கட்டி ஜீப்னியால் இழுத்தான். தூண் பிடுங்கிக்கொண்டு போனதோடு கேட்டின் ஒரு கதவும் சேர்ந்து சரிந்தது. மறுநாள் எங்கள் பிக்கப்பின் முன் கண்ணாடியில் ஒரு கல் விழுந்தது. அடுத்த வாரம் எங்கள் நாய் சாக்கடையில் கழுத்து அறுபட்டுக் கிடந்தது. கிரிஸ்பின் தன் செத்துப்போன அம்மா மேல் சத்தியம் செய்தான், நாயைத் தொடவில்லை என்று. நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். யூர்கன் நம்பவில்லை. நாயைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்து, அதன் காதைத் தடவிக்கொண்டே அவர் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன், அந்த ஒன்றுக்காகவே யாரையாவது அடிக்க வேண்டும் போல எனக்கும் இருந்தது.

அதற்குப் பிறகுதான் கேமரா வந்தது. கேட்டின் மேல் ஒன்று, அது போதாதென்று கையில் எந்நேரமும் போன். கலைந்த தலையும் வீட்டு உடையுமாகத் தண்ணீர் கொட்ட வந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடினார்கள். மரத்தடியில் காசு வைத்துச் சீட்டாடியவர்கள் இடம் மாறிப் போனார்கள். கிரிஸ்பினின் மச்சான் டாண்டோயின் மேல் பக்கத்து ஊரில் ஒரு சேவல் திருட்டு வழக்கு இருந்தது. அவன் எங்கள் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் பனியனைத் தூக்கி மூக்கை மூடிக்கொண்டு போவான். சந்தே ஜோவைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்ளும் என்று ஆகிவிட்டது.

ஒரு சந்தை நாள் காலையில் யூர்கன் ஜீப்னியின் எல்லாச் சக்கரங்களிலும் காற்றைப் பிடுங்கிவிட்டார். கருவாட்டுக் கூடைகளோடு பெண்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கிரிஸ்பின் இறங்கிப் பார்த்தான். நேரே வந்து கேட்டில் நின்றவர் முகத்தில் குத்தினான். பல் ஒன்று தெறித்து என் காலடியில் விழுந்தது. யூர்கன் ரத்தத்தைத் துப்பினார், கிரிஸ்பினின் கழுத்தை ஒரே கையால் பிடித்துத் தரையை விட்டுத் தூக்கினார், அப்படியே ஜீப்னியின் முகப்பில் மோதினார். ஒரு முறை இல்லை. தகரம் நசுங்குகிற சத்தம் கேட்டது. கிரிஸ்பினின் கால்கள் காற்றில் உதைத்தன. அவன் பெண்டாட்டி லோர்னா யூர்கனின் முதுகில் தொங்கி அவர் காதைக் கடித்தாள். நான் லோர்னாவின் முடியைப் பிடித்து இழுத்தேன். கருவாட்டுக்காரிகள் இறங்கி வந்து எங்களைப் பிரித்தபோது எல்லார் மேலும் ரத்தம் இருந்தது, யாருடையது என்று தெரியவில்லை.

அன்று மாலை கிரிஸ்பின் வந்தான். எங்கள் சந்தில் சண்டைக்குக் கூப்பிட ஒரு முறை இருக்கிறது. கோபம் வந்தவன் கள்ளைக் குடித்துவிட்டு, அரிவாளோடு எதிராளி வாசலுக்கு வந்து, வெளியே வாடா என்று கத்துவான். உள்ளே இருப்பவன் வர மாட்டான். ஜன்னலைச் சாத்திக்கொண்டு டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பான். கத்துகிறவனைப் பெண்டாட்டியும் மச்சானும் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வார்கள். அவன் திமிறுவான், விடுங்கடா என்பான், அவர்கள் விட மாட்டார்கள். தொண்டை கட்டியதும் இழுத்துக்கொண்டு போய்ப் படுக்க வைப்பார்கள். மறுநாள் அதைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள், கத்தினவன் வீட்டிலிருந்து ஒரு தட்டில் சுட்ட மீன் வரும். என் அப்பாவை அவன் அப்பா இப்படிக் கூப்பிட்டிருக்கிறார், என் அப்பாவும் அவரைக் கூப்பிட்டிருக்கிறார். இரண்டு பேரும் கிழவர்களாகி வியாதியில்தான் செத்தார்கள்.

நல்ல வேளையாக யூர்கன் அன்று பல் டாக்டரிடம் போயிருந்தார். நான் ஜன்னலைச் சாத்தினேன். கிரிஸ்பின் கத்தினதில் ஒன்று மட்டும் சந்தில் பல நாள் சிரிப்பாக ஓடியது.

"டேய் ஜோ, இந்த ஊர் மண்ணுல உன் பேர்ல ஒரு பூந்தொட்டி கூடக் கெடயாதுடா. எல்லாம் எங்கக்கா பேர்ல இருக்கு. நீயே எங்கக்கா வீட்டுல நிறுத்தி வச்ச வண்டிதான்."

அதுவும் பொய் இல்லை. வெளிநாட்டுக்காரருக்கு இங்கே நிலம் எழுதித் தர மாட்டார்கள். உள்ளே உட்கார்ந்து நானே சிரித்துவிட்டேன். மறுநாள் மீன் வந்தது. லோர்னா தட்டைக் கேட்டின் மேல் வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் போனாள்.

மீன் எதற்கு என்று யூர்கன் கேட்டார், சொன்னேன். அவர் தட்டைத் தள்ளி வைத்தார். ஒருவன் அரிவாளோடு வந்து கொல்லுவேன் என்றிருக்கிறான், நீ டிவி பார்த்திருக்கிறாயா என்றார். அது வெறும் கத்தல், கத்தி முடித்தால் கோபம் வடிந்துவிடும், நாம் உள்ளே இருந்தால் போதும் என்றேன். தன்னை ஒருவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தான் வெளியே போவேன், ஒளிந்துகொள்ள மாட்டேன் என்றார். நான் அந்தப் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கப்பல் கட்டும் இடத்தில் வேலை பார்த்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்தேன்.

கேப்டன் என்று எல்லாரும் கூப்பிடுகிற அமாலியா எங்கள் பகுதியின் தலைவி. வழக்கு கோர்ட்டுக்குப் போவதற்கு முன் அவள் முன்னால்தான் உட்கார வேண்டும். இரண்டு பேரையும் கூப்பிட்டு, ஜீப்னி கேட்டுக்கு இரண்டு முழம் தள்ளி நிற்கட்டும், ஜோ சக்கரத்தைத் தொடக் கூடாது என்று முடித்துவைத்தாள். கை குலுக்கினார்கள். யூர்கன் அங்கேயும் போனை நீட்டிப் பதிவு செய்தார். அமாலியா சிரித்த முகத்தோடே அதைத் தாழ்த்தி வைத்தாள். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"நெனி, உன் புருஷன்கிட்ட சொல்லு. அடிச்சதை மறந்துருவாங்க. படம் புடிச்சதை மறக்க மாட்டாங்க."

சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆனால் அடுத்த வாரமே ஜீப்னி இரண்டு முழத்திலிருந்து ஒரு முழத்துக்கு வந்துவிட்டது. யூர்கன் கோபத்தில், கேமராவில் பதிவான சண்டையை, கிரிஸ்பின் குத்தினதில் தொடங்கி அவன் கால்கள் காற்றில் உதைக்கிற வரைக்கும், ஊர் முழுக்கப் பார்க்கும்படி இணையத்தில் போட்டார். உண்மையை எல்லாரும் பார்க்கட்டும் என்றார். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் போனைக் கிணற்றில் போட்டிருப்பேன்.

ஊர் பார்த்தது. யார் முதலில் அடித்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை, கால்கள் உதைத்ததைத்தான் பார்த்தார்கள். ஜீப்னியில் ஏறுகிற பள்ளிக்கூடத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இறங்குகிறவர்கள் கழுத்து சரியாகிவிட்டதா என்று விசாரித்தார்கள். லோர்னாவின் தங்கை சவூதியிலிருந்து போன் செய்து அழுதாள். கிரிஸ்பின் என்னைத் தாண்டிப் போனான், முதல் முறையாக அக்கா என்று கூப்பிடவில்லை. அன்றே யூர்கனிடம் அந்தப் படத்தை அழித்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன், சண்டை போட்டேன், ஒரு தட்டை உடைத்தேன். ஜீப்னி இரண்டு முழம் தள்ளி நிற்கட்டும், அன்றைக்கே அழிக்கிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சேவல் சண்டையில் கிரிஸ்பினின் சேவல் தோற்றது. அதைத் தூக்கிக்கொண்டு அவன் வெளியே வரும்போது எவனோ ஒருவன் சேவலின் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, கால்களை ஆட்டிக் காட்டினானாம். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

வெயில் இறங்கிய நேரம். பக்கத்து வீட்டில் யாரோ மைக்கைப் பிடித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். கிரிஸ்பின் தேங்காய் சீவும் அரிவாளோடு வந்து எங்கள் கேட்டைக் காலால் உதைத்தான். அவன் சட்டையெல்லாம் சேவலின் ரத்தம். லோர்னா அவன் இடது கையைக் கட்டிப் பிடித்திருந்தாள். டாண்டோய் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்தான். பிடி தளர்வாகவும் இல்லை, இறுக்கமாகவும் இல்லை, எப்போதும் பிடிக்கிற மாதிரிதான் இருந்தது. சந்தின் ஜனம் ஒவ்வொரு வாசலிலும் நின்றது. ஒருத்தி குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே பார்த்தாள்.

"ஜோ, வெளிய வாடா. இன்னிக்கு நீயா நானான்னு பாத்துரலாம். உன் கழுத்தை நான் புடிக்கிறேன்டா, வா."

நான் ஜன்னலைச் சாத்தினேன், டிவி சத்தத்தைக் கூட்டினேன். திரும்பினால் யூர்கன் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் கதவை மறித்து நின்றேன். அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இது கத்தல்தான், கொஞ்ச நேரம், தயவுசெய்து என்றேன். என் விரல்களை அவர் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். வலிக்காமல்தான் எடுத்தார். நான் மறுபடி பிடித்தேன், சட்டைப் பொத்தான் தெறித்தது.

"நெனி, அவன் என்னைக் கூப்பிடுறான். என் வீட்டு வாசல்ல நின்னு கூப்பிடுறான். நான் போய் பேசிட்டு வரேன்."

பேசுவதற்குப் போகிறவர் கையில் போனை எடுத்துக்கொண்டார்.

கேட் திறந்த சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டு நின்றது. கிரிஸ்பின் பாதி வார்த்தையில் வாயை மூடினான். எங்கள் சந்தின் ஆயுளில் கூப்பிட்டு யாரும் வெளியே வந்ததில்லை. வந்தவனை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அது அவன் முகத்தில் எழுதியிருந்தது, வீட்டுக் கதவில் நின்ற நான் கண்ணால் பார்த்தேன். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் அவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருந்தால் போதும். டாண்டோய் இழுக்கத்தான் தொடங்கினான்.

யூர்கன் போனைத் தூக்கி அவர்களுக்கு நேரே பிடித்தார். என்னிடம் பேசும் ஆங்கிலத்தை விட்டு எங்கள் பேச்சில், குழந்தை பேசுகிற மாதிரி, "இப்ப சொல்லு" என்றார்.

டாண்டோய் இடுப்பை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பனியனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டான். லோர்னா தன் கந்தல் உடையைப் பார்த்தாள், அவளும் கையை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பினாள். கிரிஸ்பின் நடுச்சந்தில் தனியாக நின்றான். பின்னால் திரும்பிப் பார்த்தான். யாராவது பிடிக்க வருகிறார்களா என்றுதான் பார்த்தான். சந்தே போனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. நான் ஓடத் தொடங்கினேன். எங்கள் முற்றம் அவ்வளவு பெரியது என்று அன்றுதான் தெரிந்தது.

முதல் வெட்டு போன் பிடித்த கையில் விழுந்தது. போனும் அதைப் பிடித்திருந்த விரல்களும் மஞ்சள் கோட்டின் மேல் விழுந்தன. யூர்கன் வலியில் கத்தவில்லை. ஆச்சரியப்பட்டவர் மாதிரி கையைப் பார்த்தார். பிறகு மறு கையால் கிரிஸ்பினின் கழுத்தை எட்டிப் பிடித்தார், பழைய மாதிரியே. அதுதான் அவனை வெறியனாக்கியது. இரண்டாவது வெட்டு தோளில், மூன்றாவது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே. எலும்பில் அரிவாள் சிக்கிக்கொண்டது, அவன் காலை ஊன்றி அதைப் பிடுங்கினான். என் முகத்தில் சூடாக ரத்தம் அடித்தது. நான் அவனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் பிடித்ததும் அவன் நின்றுவிட்டான். ஒரு திமிறல் கூட இல்லை. அரிவாள் கையிலிருந்து தானாக விழுந்தது.

யூர்கன் கேட்டில் சாய்ந்து மெல்லச் சரிந்து உட்கார்ந்தார். நான் என் பாவாடையைக் கிழித்துக் கழுத்தில் அழுத்தினேன். ரத்தம் நிற்கவே இல்லை. எங்கள் பிக்கப்பை வெளியே எடுக்க வேண்டுமென்றால் ஜீப்னியை நகர்த்த வேண்டும். ஜீப்னியை நகர்த்தினால் அதிலேயே போய்விடலாம். அதன் சாவி திரும்பாது, ஒயரைத் தொட்டுத்தான் கிளப்ப வேண்டும், அது கிரிஸ்பினுக்கு மட்டும்தான் வரும். நான் அவனைப் பார்த்து, வண்டியை எடுடா பாவி என்று கத்தினேன். அவன் ஏறி உட்கார்ந்தான். டாண்டோயும் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவளும் சேர்ந்து யூர்கனைத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்தினார்கள். இப்போது எல்லாருக்கும் பிடிக்கக் கை வந்தது.

துறைமுகச் சாலையில் ஹார்னை அழுத்திய கையை அவன் எடுக்கவில்லை. அழுதுகொண்டே ஓட்டினான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் வழக்கம்போலக் கை காட்டினார்கள், வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். யூர்கனின் தலை என் மடியில் இருந்தது. அவர் தன் மொழியில் ஏதோ சொன்னார். நான் ஹாங்காங்கில் ஆங்கிலம் கற்றேன், சீனம் கொஞ்சம் கற்றேன், அவர் மொழியை மட்டும் கற்கவில்லை. மீன் மார்க்கெட்டைத் தாண்டும்போது அவர் கண் என்னைப் பார்த்தபடியே நின்றுவிட்டது. நான் துணியை அழுத்தியபடியே இருந்தேன். ஆஸ்பத்திரியில் என் கையை எடுத்துவிட இரண்டு நர்சுகள் தேவைப்பட்டார்கள்.

கிரிஸ்பின் ஓடிப்போகவில்லை. போலீஸ் வரும்வரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நான் அவன் முன்னால் போய் நின்றேன். கை ஓயும்வரை அவனை அறைந்தேன். அவன் முகத்தை மறைக்கவில்லை, என்னையும் யாரும் பிடிக்கவில்லை.

"ஏன்க்கா அவரை வெளிய விட்டே?" என்றான்.

என் விரல் நகங்களில் இன்னும் யூர்கனின் சட்டை நூல் இருந்தது.

"நீ ஏன்டா கூப்பிட்டே?"

அவன் தன் கைகளைப் பார்த்தான். சேவலின் ரத்தமும் அவருடைய ரத்தமும் ஒன்றாகக் காய்ந்திருந்தன.

"வர மாட்டாருன்னு நெனச்சுதான்க்கா கூப்பிட்டேன்."